பழைய மோட்டார் சைக்கிளின் உயரத்தைக் குறைப்பது எப்படி: இருக்கை முதல் ஸ்டாண்ட் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

என் தாய்மாமாவுக்கு அறுபத்து நான்கு வயது. தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்குப் பழைய நூறு சிசி வண்டியில்தான் இன்றும் வந்துபோகிறார். முழங்காலில் அறுவை சிகிச்சை செய்த பிறகு, சிக்னலில் நிற்கும்போது அவருடைய இடது குதிகால் தரையில் படாமல் இரண்டு விரல்கடை உயரத்தில் தொங்கியது. "மக்களே, புது வண்டி ஒண்ணும் வேண்டாம், கால் எட்டினாப் போதும்" என்று அவர் சொன்னதிலிருந்து இந்த வேலை தொடங்கியது. வண்டியின் உயரத்தைக் குறைக்க நினைப்பவர்களில் பலருடைய தேவையும் இதுதான். உயரம் குறைந்தவர்கள், வயதானவர்கள், கணவரின் அல்லது தந்தையின் பழைய வண்டியை ஓட்டப் பழகும் பெண்கள் ஆகியோருக்காகவே இதை எழுதுகிறேன். பார்வைக்குத் தாழ்வாக இருக்கவேண்டும் என்பதற்காக மட்டும் இறக்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நம் குமரி மாவட்டத்துச் சாலைகளில் அந்த அழகுக்குக் கொடுக்கும் விலை அதிகம்.

முதலில் எவ்வளவு உயரம் குறையவேண்டும் என்பதை அளந்து தெரிந்துகொள்ளவேண்டும். ஓட்டுபவர் வழக்கமாக அணியும் செருப்போடு வண்டியில் உட்கார, வேறொருவர் வண்டியைப் பின்னாலிருந்து நேராகப் பிடித்துக்கொள்ள, குதிகாலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளக்கவேண்டும். இரண்டு குதிகால்களும் முழுமையாகப் பதியவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு கால் முழுப் பாதமும், மறு காலின் முன்பாதமும் பதிந்தால் நூறு சிசி வண்டியைப் பொதுவாக நிறுத்திப் பிடிக்கலாம். மாமாவின் வண்டியில் இடைவெளி 40 மி.மீ. இருந்தது.

இருக்கையில் தொடங்குங்கள்

இந்த 40 மி.மீட்டரில் பாதிக்கு மேல் இருக்கையிலேயே கிடைத்துவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கால் தரைக்கு எட்டாமல் போவதற்கு இருக்கையின் உயரத்தைப் போலவே அதன் அகலமும் காரணம். டேங்கை ஒட்டிய முன்பகுதி அகலமாக இருந்தால் தொடைகள் விரிந்து, கால் சாய்வாக இறங்குகிறது. அந்தச் சாய்வில் நீளம் வீணாகிறது. ஆகவே குஷன் கடையில் கொடுக்கும்போது நுரையின் மேற்புறத்தை 15 முதல் 20 மி.மீ. வரை மட்டும் குறைத்து, முன்பகுதியின் இரு ஓரங்களையும் சரிவாகச் செதுக்கச் சொல்லுங்கள். நுரையை அதற்குமேல் குறைத்தால், அடியிலுள்ள தகடு பத்துக் கிலோமீட்டருக்குள் இடுப்பெலும்பில் உறுத்தத் தொடங்கும். பழைய நுரை உதிர்ந்துபோயிருந்தால் அடர்த்தியான புதிய நுரையை வைத்தே செதுக்கவேண்டும். செதுக்கிய பிறகு ரெக்ஸினைத் தைப்பதற்கு முன்பு, நுரையை அப்படியே வண்டியில் வைத்து உட்கார்ந்து பாருங்கள். தைத்து முடித்த பிறகு திருத்துவது இரட்டைச் செலவு.

மாமாவுக்கு இதிலேயே ஏறத்தாழ 22 மி.மீ. கிடைத்தது. மீதமிருந்த 18 மி.மீட்டருக்காகத்தான் சஸ்பென்ஷனை (அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங், ஷாக் அமைப்பை) தொட்டோம். உங்களுக்கு இருக்கையிலேயே தேவை நிறைவேறிவிட்டால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். வண்டியின் குணம் ஒன்றும் மாறாது.

இறக்குவதற்கு முன்பு பழுது பார்ப்பது

முப்பது வயதான வண்டியின் ஸ்பிரிங் ஏற்கெனவே தளர்ந்து இறங்கியிருக்கலாம். தளர்ந்த வண்டியை மேலும் இறக்கினால், பள்ளத்தில் விழும் ஒவ்வொரு முறையும் ஷாக் அப்சர்பர் முட்டி நிற்கும். எனவே வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரம் தரையை விட்டு எழும்படி இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து, போர்க்கின் (முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கும் இரட்டைக் குழாய் அமைப்பின்) அடிப்பகுதியை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். டக் டக்கென்று ஆட்டம் தெரிந்தால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) தேய்ந்திருக்கிறது. பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தால் அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் என்னும் கையின் புஷ் ஆட்டம் தெரியும். இவ்விரண்டையும் சரிசெய்யாமல் உயரத்தைக் குறைக்கக் கூடாது. குறைத்த பிறகு வரும் உதறல் எதனால் வந்தது என்று யாராலும் சொல்லமுடியாது.

கடலோரத்தில் வாழும் வண்டிகளுக்குக் கூடுதலாக ஒரு சோதனை உண்டு. குளச்சல், முட்டம், மணக்குடி பக்கத்து வண்டிகளில் போர்க் பைப்பின் மேல்பகுதியில், ஆயில் சீல் வழக்கமாக எட்டாத இடத்தில், உப்புக்காற்றால் குரோம் முலாம் புள்ளி புள்ளியாக அரித்திருக்கும். நகத்தால் மெல்ல வருடிப் பார்த்தால் நகம் சிக்கும். வண்டி இப்போதுள்ள உயரத்தில் ஓடும்வரை அது தொந்தரவு தராது. போர்க்கை உள்ளிருந்து சுருக்கினாலோ சீல் அந்தப் புள்ளிகளின்மேல் ஏறி இறங்கத் தொடங்கி, சில வாரங்களிலேயே கிழிந்து எண்ணெய் கசியும். அப்படிப்பட்ட பைப்பை மாற்றிய பிறகே உள்வேலை செய்யவேண்டும்.

பிறகு அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பின் ஷாக் அப்சர்பரின் மேல் கண்ணின் (போல்ட் நுழையும் வளையத்தின்) நடுவிலிருந்து கீழ்க் கண்ணின் நடுவரை உள்ள நீளம், இன்ஜினின் அடிப்பகுதியிலிருந்து தரைவரை உள்ள உயரம், சைடு ஸ்டாண்டில் நிற்கும்போது ஹேண்டில்பாரின் இடது முனையும் வலது முனையும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பவை கட்டாயம் வேண்டும். கடைசி அளவு எதற்கு என்பது பின்னால் விளங்கும்.

எவ்வளவு இறக்கலாம்

முன்னும் பின்னும் சேர்த்துச் சராசரியாக 25 மி.மீ. அளவுக்கு என்பதே என் வரம்பு. இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த நெறிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டதாக இருக்கவேண்டும். அப்படி அகலமாகப் போட்டிருந்தால் இரண்டு சக்கரங்களும் சேர்ந்தே ஏறும், அடி தட்டாது. ஆனால் ஊர்களுக்குள் குறுகலாகவும் செங்குத்தாகவும் போட்டுவைத்திருக்கும் தடைகளில், முன்சக்கரம் இறங்கிய பிறகும் பின்சக்கரம் ஏறாத ஒரு நிலை வரும். அப்போது இன்ஜினின் அடிப்பகுதிதான் தடையின் முகட்டுக்கு மேலே நிற்கும். தரையிலிருந்து 135 மி.மீ. இடைவெளி கொண்ட வண்டி 110 ஆகக் குறைந்தால், பின்னால் ஒருவர் உட்கார்ந்தவுடன் எஞ்சுவது என்ன என்று கணக்கிட்டுப் பாருங்கள். பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கத்து ரப்பர் தோட்டப் பாதைகளில், மழைநீர் அரித்த செம்மண் தடங்களுக்கு நடுவே கல் துருத்திக்கொண்டிருக்கும். அங்கே அன்றாடம் போகிறவர்கள் இருக்கையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

பின்பக்கம்

இரட்டை ஷாக் அப்சர்பர் உள்ள வண்டியில், ஷாக்கின் நீளத்தில் குறைக்கும் அளவைவிடச் சக்கரத்தில் இறங்கும் அளவு அதிகம். ஷாக் ஆக்ஸிலுக்கு (சக்கர அச்சுக்கு) முன்னால், சாய்வாகப் பொருத்தப்பட்டிருப்பதே காரணம். ஸ்விங் ஆர்ம் பிவட்டிலிருந்து (அது அசையும் அச்சிலிருந்து) ஆக்ஸில்வரை 450 மி.மீ., ஷாக்கின் கீழ் போல்ட்வரை 400 மி.மீ., ஷாக்கின் சாய்வு சுமார் 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 25 மி.மீ. குட்டையான ஷாக்கைப் போட்டால் 25-ஐ 450-ஆல் பெருக்கி, 400-ஆல் வகுத்து, மேலும் 20 டிகிரிச் சாய்வுக்குரிய 0.94-ஆல் வகுக்கக் கிடைப்பது சுமார் 30 மி.மீ. ஷாக் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு இந்த வித்தியாசம் கூடும்.

ஷாக்கின் அடியிலுள்ள படிப்படியான வளையத்தைக் கடைசிப் படிக்கு இறக்கினாலும் வண்டி சற்றுத் தாழும். அது ஸ்பிரிங்கின் கடினத்தை மாற்றுவதில்லை. தொடக்க அழுத்தத்தை மட்டுமே குறைக்கிறது. தனியாக ஓட்டுபவர்களுக்கு 5 முதல் 10 மி.மீ. வரை இதிலேயே கிடைக்கலாம், செலவு ஒன்றுமில்லை. ஆனால் பின்னால் ஆளேற்றும் நாளில் மறக்காமல் மேலேற்றவேண்டும்.

சில பட்டறைகளில் ஸ்பிரிங்கின் சுருளில் இரண்டை வெட்டிவிடும் பழக்கம் உண்டு. அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். பத்துச் சுருளில் இரண்டை வெட்டினால் ஸ்பிரிங் இருபத்தைந்து சதவீதம் கடினமாகிவிடும். அதே சமயம் நீளம் குறைவதால், சக்கரம் முழுவதும் தொங்கும்போது ஸ்பிரிங் இருப்பிடத்தை விட்டு நழுவி, கடகடவென்று ஒலிக்கும். கேஸ் கட்டரால் வெட்டினால் வெப்பம் பட்ட சுருளின் பதமும் போய்விடும். ஸ்விங் ஆர்மில் புதிய காது வெல்டிங் செய்து ஷாக்கின் கீழ்முனையை இடம் மாற்றுவதும் ஆபத்தானதே. அந்தப் பற்று விட்டால் ஓடும் வண்டியில் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லை.

சரியான வழி, குட்டையான முழு ஷாக் ஜோடியைப் பொருத்துவதுதான். மாமாவின் வண்டியில் 325 மி.மீ. இருந்த இடத்தில் 300 மி.மீ. ஜோடி ஒன்றைப் போட்டோம். வாங்கும்போது நீளத்தை மட்டும் பார்க்காமல், புஷ்ஷின் உள்விட்டம், கண்ணின் அகலம், கீழ்முனை கண்ணா கவட்டையா என்பதையும் பழையதோடு ஒப்பிடுங்கள். ஸ்பிரிங் உங்கள் வண்டியின் எடைக்கு ஏற்றதா என்பதை, பொருத்திய பின் ஓட்டுபவர் உட்காரும்போது சக்கரம் முழுப் பயணத்தில் கால்பங்கிலிருந்து மூன்றிலொரு பங்குக்குள் இறங்குகிறதா என்று அளந்து உறுதிசெய்யலாம்.

கழற்றும்போது சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்துக்குத் தடை வைத்து, ஒரு பக்க ஷாக்கைக் கழற்றிப் புதியதைப் போட்ட பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள் என்று வழக்கமாகச் சொல்வேன். நீளம் மாறுவதால் இந்த வேலைக்கு அது ஒத்துவராது. இரண்டையும் கழற்றிவிட்டு, சக்கரத்துக்கு அடியில் பலகைகளை அடுக்கி உயர்த்தியே புதியவற்றைப் பொருத்தவேண்டும். அந்த இடைவேளையை வீணாக்காதீர்கள். ஷாக் இல்லாத நிலையில் சக்கரத்தை மெல்ல மேலே தூக்கி, புதிய ஷாக் முழுவதும் அமுங்கினால் இரு கண்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்குமோ அந்த இடம்வரை கொண்டுபோய், டயர் மட்கார்டின் உட்புறத்தையோ, விளக்கின் ஒயரையோ, நம்பர் பிளேட் போல்ட்டையோ தொடுகிறதா என்று பாருங்கள். எங்களுக்கு மட்கார்டு போல்ட் ஒன்றின் நீண்ட முனை டயரிலிருந்து நான்கு மி.மீ. தூரத்தில் நின்றது. அதைத் திருப்பிப் போட்டதும் சரியானது. பார்க்காமல் ஓட்டியிருந்தால் முதல் பள்ளத்திலேயே டயரைக் கிழித்திருக்கும்.

முன்பக்கம்

முன்பு எனது சொந்த வண்டியில் இதை நான் தவறாகச் செய்தேன். பின்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, முன் போர்க் பைப்பை மட்டும் 30 மி.மீ. மேலே ஏற்றிவிட்டு, ஆடி மாதத்தில் திருநெல்வேலிச் சாலையில் போனேன். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே, பக்கவாட்டிலிருந்து காற்று அடித்த ஒவ்வொரு முறையும் ஹேண்டில்பார் கைக்குள் துள்ளியது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் லாரி ஒன்று கடந்தபோது முன்சக்கரம் இரண்டு பக்கமும் உதறி அடங்கியது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 1,250 மி.மீ. சக்கர இடைவெளி உள்ள வண்டியில் முன்பக்கம் மட்டும் 27 மி.மீ. தாழ்ந்தால் (போர்க் சாய்ந்திருப்பதால் ஏற்றிய 30-இல் இறங்குவது அவ்வளவுதான்) போர்க்கின் சாய்வு ஏறத்தாழ 1.2 டிகிரி நிமிர்ந்துவிடும். 27 டிகிரி சாய்வும், 300 மி.மீ. சக்கர ஆரமும், 50 மி.மீ. ஆஃப்செட்டும் (ஹேண்டில் திரும்பும் அச்சுக்கும் சக்கர அச்சுக்கும் இடையிலான தூரமும்) உள்ள வண்டியில், ஹேண்டிலைத் தானாக நேராக்கும் டிரெயில் என்னும் அளவு 97-லிருந்து 90 மி.மீட்டருக்கு இறங்கிவிடும். ஏழு மி.மீ. தாளில் சிறியது, காற்றில் பெரியது. ஆகவே முன்னும் பின்னும் ஒரே நாளில், ஒரே வேலையாகத்தான் இறக்கவேண்டும். பின்பக்கத்தைவிட முன்பக்கம் சற்றுக் குறைவாக இறங்குவதே நம் ஊருக்குப் பொருத்தம்.

முன்பக்கத்துக்கு இரண்டு வழிகள் உள்ளன. எது உங்களுக்குரியது என்பதை, போர்க் பைப்புகளின் மேல்முனையைப் பிடிக்கும் மேல் பிளேட் சொல்லிவிடும். மேல் பிளேட்டிலும், கீழே பைப்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் டி ஸ்டெம்மிலும் பைப்பை இறுக்கிப் பிடிக்கும் பக்கவாட்டு போல்ட்டுகள் இருந்து, பைப் பிளேட்டின் துளைக்குள் நழுவக்கூடியதாக இருந்தால், பைப்பை மேலேற்றலாம். மாறாக, மேல்மூடி போல்ட் பிளேட்டுக்கு மேலிருந்து இறங்கிப் பைப்பைப் பிடித்து இழுத்து நிறுத்தும் அமைப்பாக இருந்தால் பைப் மேலே ஏறாது. ஹெட்லைட் கூடும் மேல் பிளேட்டும் ஒன்றாக வார்க்கப்பட்ட பழைய புல்லட்டும் அப்படித்தான். அதில் பைப்பின் மேல்முனை கூட்டுக்குள்ளேயே இறுகியிருக்கும். அத்தகைய வண்டிகளுக்கு உள்வேலை ஒன்றே வழி.

நழுவும் வகையில் வேலை எளிது. இன்ஜினுக்கு அடியில் ஜாக்கியோ கட்டையோ கொடுத்து, முன்பாரம் முழுவதையும் அதன்மேல் ஏற்றியபின், மேல் போல்ட்டைத் தளர்த்தி, அடுத்துக் கீழ் போல்ட்டை மெல்லத் தளர்த்துங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரேயடியாக விட்டுவிட்டால் வண்டியின் முகம் சட்டென்று கீழே விழும். பைப்பைத் திருகியபடியே 25 மி.மீ. மேலேற்றி, வெர்னியர் காலிப்பரால் இரு பக்கமும் அரை மி.மீ. வித்தியாசமும் இல்லாமல் ஒப்பிட்டு இறுக்குங்கள். 8 மி.மீ. மரை கொண்ட போல்ட்டுக்கு 20 நியூட்டன் மீட்டர் அளவு போதும். பழைய வார்ப்பு அதிக இறுக்கத்தில் வெடித்துவிடும். போர்க் சாய்ந்திருப்பதால், 25 மி.மீ. ஏற்றியதில் வண்டி இறங்குவது சுமார் 22 மி.மீ. மட்டுமே. பின்னால் 30, முன்னால் 22 என்றால் வித்தியாசம் 8 மி.மீ.; போர்க் மூன்றிலொரு டிகிரிக்குச் சற்று அதிகமாகப் பின்சாயும், டிரெயில் சற்றே கூடும். மாமாவின் வண்டியை நான் நிறுத்திய இடம் இதுதான்.

இந்த முறையில் போர்க்கின் பயணம் குறையாது என்பதை மறக்கக் கூடாது. பயணம் அப்படியே இருக்க, சக்கரம் மட்டும் டி ஸ்டெம்முக்கு 25 மி.மீ. நெருங்கிவிடுகிறது. எனவே மேல்மூடியைத் திறந்து ஸ்பிரிங்கை வெளியே எடுத்துவிட்டு, முன்பக்கத்தை முழுவதும் அமுக்கி, மட்கார்டு டி ஸ்டெம்மையோ ஹாரனையோ தொடுகிறதா என்று பாருங்கள். மூடியைத் திறக்கும்போது முகத்தை நேராக மேலே வைக்காதீர்கள். கடைசி மரை விடும்போது ஸ்பிரிங் மூடியை எறிந்துவிடும். ஒரு கையால் துணி போட்டு அழுத்தியபடியே திறக்கவேண்டும்.

உள்வேலைக்குப் போர்க்கை முழுவதும் கழற்றி, எண்ணெயை வடித்து, அடியிலுள்ள ஆலன் போல்ட்டை எடுக்கவேண்டும். உள்ளே இருக்கும் டேம்பர் ராடு (எண்ணெயின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தண்டு) கூடவே சுழன்று தொல்லை தரும். ஸ்பிரிங்கையும் மூடியையும் போட்டு அழுத்தம் கொடுத்த நிலையிலேயே அந்தப் போல்ட்டை முதலில் தளர்த்திவிட்டால் சிக்கல் தீரும். வெளியே எடுத்த ராடின் தலைக்குக் கீழே ஒரு சிறிய ஸ்பிரிங் இருக்கும். போர்க் முழுவதும் நீளும்போது முட்டாமல் தாங்குவது அதுதான். லேத் பட்டறையில் 25 மி.மீ. நீளத்துக்கு அலுமினியக் குழல் ஒன்றைக் கடைந்து, அந்தச் சிறு ஸ்பிரிங்குக்குக் கீழ்ப்பக்கமாக ராடில் கோத்தால், போர்க் அதே அளவுக்குச் சுருங்கி நிற்கும். ராடின் தலையை ஒட்டி எண்ணெய் போகும் சிறு துளைகள் இருக்கும். குழல் அவற்றை மூடிவிட்டால் போர்க் கல்லாகிவிடும். பெரிய ஸ்பிரிங்குக்கு மேலே இடைக்குழாய் இருந்தால் அதிலும் 25 மி.மீ. வெட்டவேண்டும், இல்லாவிட்டால் குறைத்த உயரம் முழுவதும் ஸ்பிரிங்கின் அழுத்தமாகத் திரும்பி வந்துவிடும். செம்பு வாஷரும் ஆயில் சீலும் புதிதாகவே போடுங்கள். எண்ணெயின் அளவு சேவைக் கையேட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

ஸ்டாண்ட், செயின், பிரேக்

இறக்கிய வண்டியைச் சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் அது ஏறக்குறைய நேராக நிற்கும். லேசான காற்றோ ஒரு கை படுவதோ அதை மறுபக்கம் சாய்த்துவிடும். ஸ்டாண்டைக் கழற்றி, பட்டறையில் வெட்டி ஒட்டவேண்டும். முன்பு எழுதிவைத்த ஹேண்டில்பார் முனைகளின் உயர வித்தியாசம் மீண்டும் வரும்வரை, ஐந்து ஐந்து மி.மீட்டராகக் குறைத்துப் பார்ப்பதே பிழையில்லாத வழி. மழைக்காலச் செம்மண்ணில் ஸ்டாண்ட் புதையாமலிருக்க அடித்தகட்டைச் சற்று அகலமாக்கிக்கொள்ளலாம். சென்டர் ஸ்டாண்டையும் குறைக்காவிட்டால் வண்டியை அதில் ஏற்றவே முடியாது. பின்சக்கரம் தரையிலிருந்து 20 மி.மீ. எழும்பினால் போதும். மாமாவின் முழங்காலுக்கு இந்த ஒரு வேலைதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது.

செயினை மறுபடியும் சரிசெய்யவேண்டும். முன் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்), ஸ்விங் ஆர்ம் பிவட், பின் ஆக்ஸில் ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். இறக்கிய வண்டி நிற்கும்போதே அந்தக் கோட்டை நெருங்கிவிடுகிறது. ஆகவே இரண்டு பேரை உட்காரவைத்து, மூன்றும் நேராகும் நிலையில் கீழ்ச் செயினில் 20 மி.மீ. தளர்வு இருக்கும்படி வையுங்கள். பின் பிரேக் பெடலின் விளையாட்டையும் (பிரேக் பிடிக்கும்முன் பெடல் வெறுமனே நகரும் தூரத்தையும்), பிரேக் விளக்கு எரியும் இடத்தையும் சரிபாருங்கள். பின்பக்கம் கூடுதலாகத் தாழ்ந்திருப்பதால் ஹெட்லைட்டின் ஒளி 10 மீட்டர் தூரத்துச் சுவரில் ஏறத்தாழ 6 செ.மீ. மேலேறும், எதிரே வருபவரின் கண்ணுக்குள் போகாதபடி இறக்கிவையுங்கள்.

ஓட்டிப் பார்ப்பதும் பதிவும்

முதல் நாள் ஊருக்குள் ஐந்து கிலோமீட்டர், தனியாக. அடுத்து ஒருவரைப் பின்னால் ஏற்றி, உங்கள் தெருவின் மிக உயரமான வேகத்தடையில் நடைவேகத்தில் ஏறி இறங்குங்கள். பிறகு இறங்கிப் படுத்து, இன்ஜினின் அடியிலும் சைலன்சரிலும் புதிய கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். வளைவில் ஃபுட்ரெஸ்ட் முன்பைவிட விரைவில் தரையைத் தொடும். அதன் முனையில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டால் எவ்வளவு சாய்வில் தொடுகிறது என்பது தெரிந்துவிடும். காற்றுள்ள திறந்த சாலையை இறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியபின் பைப் போல்ட், ஷாக் நட், ஆக்ஸில் நட் அனைத்தையும் மீண்டும் இறுக்கிப் பார்க்கவேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடைசெய்கிறது. பழைய வண்டிகளின் பதிவை பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்து ஆண்டுகளுக்கொரு முறை புதுப்பிக்கவேண்டியிருப்பதால், நாகர்கோவில் டிஎன் 74 ஆனாலும் மார்த்தாண்டம் டிஎன் 75 ஆனாலும் வண்டி ஆய்வாளரின் கண்ணுக்குமுன் கட்டாயம் நிற்கும். வேலையைத் தொடங்குவதற்கு முன்பே போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்; காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். கழற்றிய பழைய ஷாக் ஜோடியை எண்ணெய் தடவி, சாக்குத் துணியில் சுற்றி, இடம் வலம் என்று எழுதிய சீட்டைக் கட்டி வையுங்கள். ஸ்டாண்டுகளை வெட்டுவதற்குப் பதிலாக, பழைய இரும்புக் கடையில் அதே வண்டியின் ஸ்டாண்டுகள் கிடைத்தால் அவற்றை வெட்டிப் பொருத்தி, வண்டியோடு வந்தவற்றை இதே சாக்கில் சேர்த்து வையுங்கள்.